தெருவுக்கு எந்தப் படகு?

சென்னையில் தெருவில் படகு ஓடுவது இனி அதிசயம் அல்ல!

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் எல்லாம் வெள்ளக்காடு. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை மறுபடியும் மிதந்தன. இரண்டு தடவையும் மொட்டை மாடியில் தவித்த ஜனங்கள் கேட்டது ஒன்றுதான்: "படகு எப்போ வரும்?"

ஆகவே படகு வாங்கத்தான் வேண்டும். எந்தப் படகு? அங்கேதான் சிக்கல்!

காற்றடைத்த படகில் இரண்டு ரகம். ஒன்று முழுக்க ரப்பர் துணி. காற்றைப் பிடுங்கிவிட்டால் மெத்தை மாதிரி சுருட்டிக் கட்டலாம். மற்றதற்கு அடிப்பாகம் பைபர் அல்லது அலுமினியம். சுற்றிலும் மட்டும் காற்றுக் குழாய். இதற்கு "ரிப்" என்று பெயர்.

பார்வைக்கு ரிப்தான் ராஜா! கூரான அடி, அலையைக் கிழித்துக்கொண்டு பாயும். வேல்ஸில் ஒரு கல்லூரியில் 1960-களில் உருவான படகு அது. பிரிட்டிஷ் கடல் மீட்புச் சங்கம் 1972-ல் அதைச் சேவையில் இறக்கியது. கொந்தளிக்கும் கடலுக்கு அதுதான் சரி.

ஆனால் வேளச்சேரி தெருவில் அலை ஏது? ஓரிடத்தில் முழங்கால் தண்ணீர், பத்தடி தள்ளிக் கழுத்தளவு. கூரான அடி தரை தட்டும். நடுரோட்டுத் தடுப்புச் சுவர் குறுக்கிட்டால் இறங்கித் தூக்க வேண்டும். ரிப்பை நாலு பேர் தூக்குவதா? ஊஹூம்! அதைக் கொண்டுவரவே டிரெய்லர் வேண்டும். சுரங்கப்பாதை மூழ்கிக் கிடக்கும்போது டிரெய்லர் எந்த வழியாக வரும்?

ரப்பர் படகை ஜீப்பில் போடலாம், தோளில் சுமக்கலாம், சந்துக்குள் கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கும் எமன் உண்டு. காம்பவுண்டு சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லு, கேட்டின் ஈட்டி முனை, முள்கம்பி! எல்லாம் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும். குழாய்க்குள் தனித்தனி அறைகள் இருப்பதால் ஒன்று கிழிந்தாலும் படகு உடனே மூழ்காது. கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் உயிர் போய் வரும்.

தெருவுக்கு ரப்பர் படகுதான். அடித்தளம் கெட்டித் துணியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். ஆற்றோரத்துக்கும் கடற்கரைக்கும் ரிப் சில இருந்தால் போதும். இழுக்கிற வெள்ளத்தில் ரப்பர் படகு பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். 2015-ல் மீனவர்கள் லாரியில் ஏற்றி வந்த பைபர் படகுகள் எத்தனையோ பேரைக் கரை சேர்த்தன. தண்ணீரைத் தெரிந்த கை அது! அந்தக் கைகளிடம் கேட்டுவிட்டு டெண்டர் போட்டால் என்ன?

வாங்கிக் குடோனில் போட்டுவிட்டால் தீர்ந்ததா? மெட்ராஸ் வெயிலில் பசை விட்டுப்போகும். மடிப்பு வெடிக்கும். எலி சும்மா இருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே ஒவ்வொரு படகையும் ஊதி, ஒரு ராத்திரி வைத்து, காலையில் குழாயை அமுக்கிப் பார்க்க வேண்டும். தொளதொளத்தால் அன்றைக்கே ஒட்டுப் போட வேண்டும்.