மாலை போட்டது போதும், மலை ஏறுங்கள்

ஆடிப்பெருக்கு அன்று காங்கேயத்திலிருந்து அரச்சலூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். கொடி கட்டிய கார்கள் வரிசையாக ஓடாநிலைக்குப் போகும். தீரன் சின்னமலைக்கு மாலை விழும், கோஷம் எழும், போட்டோ எடுப்பார்கள். மதியச் சாப்பாட்டோடு எல்லாம் முடிந்துவிடும். அடுத்த ஆடி 18 வரை அவர் நமக்கு வேண்டியதில்லை.

இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இனி டிரான்ஸ்பர் பயமில்லை.

போன தை மாதம் மகள் வயிற்றுப் பேரனைக் கூட்டிக்கொண்டு சங்ககிரி மலைக்கோட்டைக்குப் போனேன். சேலம் போகும் ரயிலில் ஜன்னல் வழியாக அந்த மலையை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஏறியது இதுதான் முதல் தடவை. என் வெட்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களைப் பிறகு திட்டுகிறேன்.

வாயிலுக்குப் பின் வாயிலாக ஏறுகிறது கோட்டை. ஒவ்வொரு வாயிலிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அடுக்கிய கல் அசையாமல் நிற்கிறது. ஆனால் கை எட்டும் உயரம் வரை பெயர்கள். ஆணியால் கீறியவை, பெயின்ட்டால் எழுதியவை, அம்பு துளைத்த இதயங்கள். பேரன் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான். திடீரென்று, "அப்புச்சி, சின்னமலையை எந்த எடத்துலீங் தூக்குல போட்டாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வழியில் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் உச்சியைக் கைகாட்டினார். இன்னொருவர் அடிவாரத்தைக் காட்டினார்.

1805 ஜூலை 31 அன்று, ஆடிப்பெருக்கு நாளில், அவரையும் தம்பிகளையும் கும்பெனியார் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியில்தான். தேதி நமக்கு மனப்பாடம். 200 ஆண்டு நிறைவுக்கு 2005-ல் தபால்தலைகூட வந்தது. கிண்டியில் சிலை இருக்கிறது. ஒரு காலத்தில் திருச்சிப் பக்கத்து அரசு பஸ்களில் அவர் பெயர் ஓடியது. தலைவர்கள் பெயரை வைத்துச் சாதிச் சண்டை மூண்டதால், 1997-ல் எல்லாப் பஸ்களிலும் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பெயருக்காக அடித்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, பேரன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அப்பா அங்கே மில்லில் வேலை பார்த்தார். திப்புவுக்குப் பிரெஞ்சுக்காரர்களோடு தொடர்பு உண்டு, சின்னமலையின் படைக்கும் பிரெஞ்சுப் பயிற்சி கிடைத்தது என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். என் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. பஸ்தீல் கோட்டை இருந்தது. 1789 ஜூலை 14-ல் பாரிஸ் ஜனங்கள் அந்தச் சிறைக்கோட்டையைப் பிடித்தார்கள், பிறகு கல் கல்லாக இடித்துத் தள்ளினார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில், கோட்டைச் சுவர் எங்கே நின்றது என்று தரையில் கல் பதித்துக் கோடு காட்டியிருக்கிறார்கள். இல்லாத கோட்டைக்கு அவர்கள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் இருக்கிற கோட்டையில் கிறுக்கி வைத்திருக்கிறோம்.

"அது பணக்கார நாடு, சார்" என்பார்கள். சரி, ஏழை நாட்டுக்கே போவோம். ஐரோப்பாவில் பல காலம் வறுமைக்குப் பெயர்போனது அல்பேனியா. அங்கே ஜிரோகாஸ்டர் என்று ஒரு மலை ஊர். கூரைக்கும் கல் பலகைதான். 2024-ல் காலமான இஸ்மாயில் காதரே என்ற எழுத்தாளர் பிறந்த ஊர் அது. அந்த ஊரை வைத்து அவர் எழுதிய நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன். ஊருக்கு மேலே பெரிய கோட்டை. ராஜா காலத்திலும், ஜெர்மன்காரன் காலத்திலும், கம்யூனிஸ்ட் காலத்திலும் அதுவே சிறை. அந்தச் சிறையை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். 1968-லிருந்து சில வருடங்களுக்கு ஒருமுறை, நாடே கூடும் நாட்டுப்புறக் கலைவிழாவும் அந்தக் கோட்டைக்குள்தான். 2005-ல், நாம் தபால்தலை வெளியிட்ட அதே வருடம், அந்த ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

துறையைத் திட்டச் சொல்கிறீர்களா? முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டியவன் நான். கோப்பு எவ்வளவு மெதுவாக நகரும் என்று எனக்குத் தெரியும். கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். அப்படிப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010-ல் திருத்திய சட்டமும் இருக்கிறது. ஆனால் சுவரில் ஆணி பிடித்த கை எந்தத் துறையின் கை? நம் வீட்டுப் பிள்ளையின் கை. வாயிலுக்கு வாயில் போலீஸ் நிறுத்தவா முடியும்?

"ரோப் கார் போட்டால் கூட்டம் வரும்" என்று இன்னொரு யோசனை சொல்கிறார்கள். கூட்டம் வரும், கூடவே பாட்டிலும் வரும். கூட்டத்துக்கா நமக்குப் பஞ்சம்? ஓடாநிலையில் பார்க்கிறோமே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சின்னமலையை ஒரே சாதியின் வீட்டுச் சாமியாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மலையைக் கட்டாயம் ஏற வேண்டும். இங்கே பெருமாள் கோயில் இருக்கிறது, முஸ்லிம்கள் தொழுத இடமும் இருக்கிறது. அவரோடு நின்றவர்களாகச் சொல்லப்படும் கருப்பசேர்வை, சேமலைப் படையாட்சி, பத்தே முகம்மது உசேன் எல்லாரும் ஒரே சாதிக்காரர்களா? ஒரே மதத்துக்காரர்களா? மேலப்பாளையத்தில் பிறந்த மனிதரை முதலில் ஜில்லாவுக்குள் அடைத்தோம், பிறகு சாதிக்குள் அடைத்தோம். கும்பெனிக்காரன் அவரை அடைத்தது ஒரு கோட்டைக்குள் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள் வருடம் ஒருமுறை பிள்ளைகளைச் சங்ககிரிக்குக் கூட்டிப் போகட்டும். போகும் முன்னால் வகுப்பில் அரை மணி நேரம் கதை சொல்லட்டும். மாலைக்கும் பேனருக்கும் செலவழிக்கிற கட்சிகளும் சங்கங்களும் அதில் ஒரு பங்கை எடுத்து, துறையின் அனுமதி வாங்கி, அந்த இடத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தமிழில் எழுதி வைக்க மனுப் போடட்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வரட்டும். என் வாழ்நாள் தொழிலே அதுதான்.

வருகிற ஆடி 18 காலையில், வெயில் ஏறுவதற்கு முன், நான் சங்ககிரி அடிவாரத்தில் இருப்பேன். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவோம். முழங்கால் விடுகிற வாயில் வரை நான் ஏறுகிறேன். அதற்கு மேல் பேரன் ஏறுவான். அவன் கேள்விக்கு அதற்குள் ஒரு பதில் தேடி வைக்க வேண்டும்.