கடைமடைக் கலாசாலை

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் ஓய்ந்த நேரம் என்று ஒன்று கிடையாது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் ஒரு சிற்பியின் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய குமாரி நம்மிடம் பத்தாம் வகுப்பு வரையில் வாசித்தவள். இப்பொழுது செங்கற்பட்டுக்கு அருகில் ஒரு கலாசாலையில் பௌதிகம் வாசிக்கிறாள். கலாசாலையின் பெயரை நேயர்கள் கேட்க வேண்டாம். சொன்னால், அந்த ஒரு கலாசாலைதான் இப்படி என்று எண்ணி மற்றவை நிம்மதியாகத் தூங்கிவிடும்.

சிற்பி ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையைத் திருத்திக்கொண்டே கேட்டார்:

“வாத்தியாரய்யா, எனக்கு ஒரு கணக்குப் புரியவில்லை. காலேஜுக்குச் சம்பளம் கட்டுகிறேன். அந்த ரசீதிலே இண்டர்நெட் வகைக்கு என்று ஒரு தொகை போட்டிருக்கிறது. அது போக, மாதா மாதம் இவளுடைய போனுக்கும் பணம் கட்டுகிறேன். பாடம் எந்தப் பணத்திலே வருகிறது?”

நமக்குப் பதில் தெரியவில்லை. பெண்ணைப் பார்த்தோம்.

“போன் பணத்திலேதான், ஸார். காலேஜ் கம்பியிலே ஒரு வட்டம் மட்டும் வரும். அது சுற்றிக்கொண்டே இருக்கும்.”

படம் தோன்றுவதற்கு முன் திரையின் நடுவே சுழலும் சிறு வட்டத்தைத்தான் அப்படிச் சொன்னாள். மணி அடிக்கும் வரையில் அதைத் தரிசனம் செய்துவிட்டு வகுப்புக் கலையுமாம். தகப்பனார் சிரிக்கவில்லை. பிள்ளையார் ஒன்றுக்கு என்ன கூலி கிடைக்கும் என்று நமக்குத் தெரியுமாதலால் நமக்கும் சிரிப்பு வரவில்லை.

மறு வாரம் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் அந்தக் கலாசாலையைப் பார்த்தோம். அங்கே கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பானவரும் புத்தக சாலைக்குப் பொறுப்பானவரும் ஒருவரே. நல்ல மனிதர். மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். அறையில் 60 கம்ப்யூட்டர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்போ ஒன்றே. வினாடிக்கு 10 மெகாபிட் செய்தி அதில் வரலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

இதைத்தான் இங்கிலீஷில் பாண்ட்வித் என்கிறார்கள். நாம் அதை வாய்க்காலின் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஏரி ஜில்லா என்று பெயர் பெற்ற செங்கற்பட்டில் பிறந்தவர்களுக்கு வாய்க்காலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 10 மெகாபிட்டை 60 பேர் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 170 கிலோபிட். கரும்பலகையில் எழுதும் சூத்திரம் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பாடப் படம் ஓட வேண்டுமானால், இதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். ஆபீஸும், வருகைப் பதிவும், வாசல் காமிராவும் அதே வாய்க்காலில்தான் தண்ணீர் மொள்ளுகின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அவ்வப்போது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்காக வெளியூரிலிருந்து சரக்கு வரவழைக்கிறது. அறுபதும் ஒரே சரக்கை அறுபது தடவை தனித்தனியே வரவழைக்கின்றன. ஒரு புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைப்பதை விட்டு, அறுபது மாணாக்கருக்கு அறுபது பிரதிகளை லண்டனிலிருந்து தபாலில் தருவிப்பது போலத்தான் இது! வாய்க்கால் நிரம்பி வழியும்போது, செய்திப் பொட்டலங்கள் பாதி வழியில் சிதறிப் போகின்றன. சிதறியதைக் கம்ப்யூட்டர்கள் மறுபடி கேட்கின்றன. கேட்கக் கேட்க நெருக்கடி இன்னும் அதிகமாகிறது. கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாவது எல்லோருக்கும் கிடைக்கும் என்பது போய், ஒருவருக்கும் கிடைப்பதில்லை.

ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் வாய்க்காலைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் ஏரியோ நிரம்பித் தளும்புகிறது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடிக் கம்பி போட்டார்கள். 2004-ல் இன்னொன்று வந்தது. ஐரோப்பா வரையில் செல்லும் பெருங்கம்பியும் அதை அடுத்துச் சென்னைக் கரையைத் தொட்டது. 2020 ஆகஸ்டில் அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பி திறக்கப்பட்டது. நமது ஜில்லாவிலேயே, சிறுசேரியில், உலகத்தின் செய்திகளையெல்லாம் சேமித்து வைக்கும் களஞ்சியங்கள் எழும்பியிருக்கின்றன. 1986-ல் இந்தியாவில் முதன் முதலாகக் கல்வி ஸ்தாபனங்களைக் கம்ப்யூட்டர் வலையால் பிணைத்த ‘எர்நெட்’ திட்டத்தில் சேர்ந்த எட்டு ஸ்தாபனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. அந்தப் பெண் பார்க்க ஆசைப்படும் பௌதிக விரிவுரைகள் அங்கே கிண்டியில் பதிவானவைதாம். கிண்டிக்கும் செங்கற்பட்டுக்கும் எலெக்ட்ரிக் ரயில் போகிறது. விரிவுரை போகவில்லை.

இந்தக் கஷ்டத்தை நமக்கு முன்பே, நம்மைவிடக் கடுமையாக, அனுபவித்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, உகாண்டாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் மாமல்லபுரத்து வீதிகளில் நடந்ததை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய நாடுகளில் கலாசாலைகளின் நிலை இருபது ஆண்டுகளுக்கு முன் எப்படியிருந்தது என்பதைப் படித்தால் மனம் கலங்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு 2009 ஜூலை வரையில் கடலடிக் கம்பியே வரவில்லை. எல்லாச் செய்தியும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைச் சந்திரனுக்கு ஏறி இறங்க வேண்டும். பல்லாயிரம் மாணாக்கர் படிக்கும் ஒரு சர்வகலாசாலைக்குக் கிடைத்த இணைப்பு, ஐரோப்பாவில் ஒரு தனி வீட்டுக்குக் கிடைத்த இணைப்புக்குச் சமமாக இருந்தது. அதற்குக் கொடுத்த விலையோ பன்மடங்கு.

கம்பி வந்தவுடன் கஷ்டம் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 2002-லேயே ‘ஸாட்-3’ என்ற கம்பி வந்துவிட்டது. ஆனால் பல தேசங்களில் அந்தக் கம்பியின் கரை முனை ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனி வைத்ததே விலை. கடலில் செய்தி பாய்ந்துகொண்டிருக்க, கரையிலிருந்த சர்வகலாசாலை பழையபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதகின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்காமல் ஏரியின் கொள்ளளவைப் பேசுவது வீண் பேச்சு என்பது அங்கே ருசுவாயிற்று.

இவ்விடத்தில் நாம் பெருமை கொள்ளக்கூடிய செய்தி ஒன்று உண்டு. 2004-ல் ராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள், குடியரசுத் தலைவராகத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, ஆப்பிரிக்க நாடுகளின் பொதுப் பார்லிமெண்டில் பேசினார். அந்தக் கண்டம் முழுவதையும் ஒரே வலையில் பிணைத்து, இந்தியக் கலாசாலைகளின் பாடங்களையும் இந்திய வைத்தியர்களின் ஆலோசனையையும் அங்கே கொண்டு சேர்க்க இந்தியா உதவும் என்று சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. 2009 பிப்ரவரி 26-ம் தேதி அந்த வலை திறக்கப்பட்டது. பாடம் நடத்திய இந்திய சர்வகலாசாலைகளில் நமது சென்னை சர்வகலாசாலையும் ஒன்று. 2019-ல் அதன் மறு அவதாரமும் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் ஸான்ஸிபாரில் ஒரு கிளையையே திறந்துவிட்டது. தூர தேசத்துக்கு நீர் பாய்ச்சத் தெரிந்த நமக்கு அண்டை வயலுக்குப் பாய்ச்ச முடியவில்லை என்று யாராவது கேலி செய்தால், நாம் என்ன பதில் சொல்வது?

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2009-ல் மத்திய சர்க்கார் ஒரு கல்வித் திட்டம் வகுத்தார்கள். சர்வகலாசாலை ஒன்றுக்கு வினாடிக்கு 1 கிகாபிட். கலாசாலை ஒன்றுக்கு 512 கிலோபிட் வீதம் 20 இணைப்புகள். செலவில் நான்கில் மூன்று பங்கு சர்க்காருடையது. 2010-ல் 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலையும் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அது பெரிய ஸ்தாபனங்கள் சுமார் 1,500-ஐ மனத்தில் கொண்டு வகுத்தது. தேசத்திலுள்ள கலாசாலைகளோ 40,000-க்கு மேல். 512 கிலோபிட்டை இருபதால் பெருக்கிப் பாருங்கள். நாம் பார்த்த கலாசாலையின் 10 மெகாபிட் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அந்நாளில் அது தாராளமான அளவுதான். அதன் பிறகு உலகம் பெருத்துவிட்டது, வாய்க்கால் பெருக்கவில்லை.

ஏன் பெருக்கவில்லை? நமக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சிலருக்குக் கோபம் வரலாம். 2016-க்குப் பிறகு நம் நாட்டில் போன் மூலம் இணையம் மலிவாகிவிட்டது. அந்த மலிவே கலாசாலைகளுக்குச் சாக்காகப் போயிற்று. நாம் சந்தித்த நிர்வாகி ஒருவர், “எல்லோர் பையிலும் போன் இருக்கிறதே, ஸார்! இன்னும் எதற்குக் கம்பி?” என்று கேட்டார். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரையில், தொற்றுநோய்க் காலத்தில், தமிழ்நாட்டு சர்க்கார் சுமார் 9,69,000 கலாசாலை மாணாக்கருக்குத் தினம் 2 ஜி.பி. இலவசமாகக் கொடுத்தார்கள். ஆபத்துக் காலத்தில் அது பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் வெள்ள நிவாரணத்தில் கொடுத்த குடத்துத் தண்ணீரைக் காட்டி வாய்க்கால் வெட்டுவதை நிறுத்துவார்களா?

கைக்குள் அடங்கும் திரையில் விரிவுரை கேட்கலாம். பரிசோதனை அளவுகளைப் பதிந்து கணக்கிடவும், ஆராய்ச்சிக் கட்டுரைகள் நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும், கம்ப்யூட்டர் மொழியில் நாலு வரி எழுதிப் பார்க்கவும் அது போதாது. அதைவிட முக்கியமான விஷயம், செலவு யார் தலையில் விழுகிறது என்பது. கலாசாலை சேர்ந்து வாங்கியிருந்தால் சல்லிசாகக் கிடைத்திருக்கக்கூடியதைச் சிற்பியும் வலைஞரும் பிஸ்கட் பாக்கெட் வாங்குவது போலச் சில்லறையில் வாங்குகிறார்கள். பணம் தீர்ந்த மாதக் கடைசியில் அந்தப் பெண் பாடம் கேட்பதில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. இதை நம்மிடம் கடற்கரைக் கோயில் பக்கம் நடக்கும்போது தனியாகச் சொன்னாள்.

சேர்ந்து வாங்குவது என்றோம். ஆப்பிரிக்கர்கள் கடைசியில் கண்ட வழி அதுதான். கென்யாவின் கலாசாலைகள் ‘கெனெட்’ என்ற பெயரில் ஒன்று கூடி மொத்தமாக வாங்கின. தனித்தனியாகப் பேரம் பேசியபோது அசையாத விலை, கூட்டத்தைக் கண்டு இறங்கிற்று. அப்படிப்பட்ட தேசிய வலைகள் பலவும் சேர்ந்து ‘உபுண்டுநெட்’ என்று ஒரு கூட்டுறவு வைத்திருக்கின்றன. இது நமக்குப் புதிதா? பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கல்வெட்டில், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்த விவரம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரையில் உள்ள கலாசாலைகள் மனம் வைத்தால், அப்படி ஒரு வாரியம் கூட்ட ஒரு மத்தியானம் போதும். கூட்டினால் யார் தலைமை வகிப்பது என்பதில் இரண்டு வருஷம் போகும் என்று நம் சக உபாத்தியாயர் ஒருவர் சொல்லுகிறார். அவருக்குக் கமிட்டி அனுபவம் அதிகம்.

வாரியம் கூடும் வரையில் என்ன செய்வது? அந்தப் புத்தக சாலைக்காரர் ஒன்று செய்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கலாசாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு முன் கையாண்ட யுக்தி அது. கம்பி மெலிந்திருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான இணையப் பக்கங்களை ஒரு வட்டில் பதித்துக் கலாசாலையின் உள்ளேயே வைத்துவிட்டார்கள். இவரும் இரவு பத்து மணிக்கு மேல், ஆபீஸும் காமிராவும் தவிர மற்றவை உறங்கும்போது, பௌதிக விரிவுரைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் சேர்த்து வைக்கிறார். பகலில் அறுபது பேரும் அதிலிருந்து பார்க்கிறார்கள். வெளிக் கம்பிக்கு வேலையே இல்லை. வட்டம் சுற்றுவதில்லை. விரிவுரைகளை இப்படிப் பிரதி செய்துகொள்ள அனுமதியும் இருக்கிறது. அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை; இதற்கு அலவன்ஸும் கிடையாது.

மூன்று பாடங்கள் முழுவதும் ஏறிவிட்டன. நாலாவது பாடம் பாதியில் நிற்கிறது. வட்டில் இடம் இல்லை. புதிய வட்டு ஒன்றுக்காக அவர் எழுதிய விண்ணப்பம், மூன்று விலைப் பட்டியல்கள் இணைக்கப்பட்டு, பொங்கலுக்கு முன்பிருந்து ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. சென்ற வாரம் சிற்பியிடம் இதைச் சொன்னோம். வட்டு என்ன விலை ஆகும் என்று கேட்டார். சொன்னோம். உளியைக் கீழே வைத்துவிட்டு, “இவ்வளவுதானா, வாத்தியாரய்யா?” என்றார்.