வண்டி போச்சு... பேரு போகலை!

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், டயரை எட்டி உதைப்பது. ஏன் உதைக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. திருச்சியில் மச்சானோடு சேர்ந்து பழைய கார் கடை நடத்திய மூன்று வருஷத்தில், உதை வாங்காத டயரை நான் பார்த்ததில்லை.

உதைக்கிற நேரத்தில் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க சார்! உள்ளே சேறு காய்ந்த கறை இருந்தால், அது 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நீச்சல் கற்றுக்கொண்ட வண்டியாக இருக்கலாம். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று சத்தியம் பண்ணும். பிரேக் பெடல் ரப்பரோ வழுக்கை விழுந்து கிடக்கும். ரப்பரை நம்புங்கள்.

வாங்குகிறவர்களாவது உதைத்துப் பார்க்கிறார்கள். விற்கிறவர்கள்தான் பாவம்.

2017-ல் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தன் மாருதி 800-ஐக் கொண்டுவந்தார். டேஷ்போர்டு பிள்ளையாரைப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

"வாங்கறவர் பேரு, தேதி எல்லாம் காலியா இருக்கே தம்பி?"

"நாங்க ஃபில்லப் பண்ணிக்கறோம் சார்."

சொன்னது நான்தான். பி.காம். படித்தவன். டபுள் என்ட்ரி சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்; இங்கே ஒரு என்ட்ரிகூடப் போடவில்லை. கடை பேருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் ஒரு ஓனர் கூடிவிடும், விலை இறங்கிவிடும். "லைன்ல எல்லாரும் இப்படித்தான் மாப்ளே" என்றான் மச்சான்.

நாங்கள் ஒருத்தருக்கு விற்றோம். அவர் அதே காலி பேப்பரோடு புதுக்கோட்டையில் இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் முடிந்தது, அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் வாத்தியார் ஒரு நோட்டீஸோடு வந்து நின்றார். அவருடைய கார், ஒரு காய்கறிக்காரரின் மொபெட்டில் மோதிக் காலை முறித்திருந்தது.

"எங்கிட்ட ஏது தம்பி காரு? இப்பக்கூட பஸ்லதான் வந்தேன்..."

ஆர்.சி.யில் யார் பேரோ அவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018 பிப்ரவரியில்தான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மச்சான் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம பேரு எங்கேயும் இல்ல மாப்ளே" என்றான். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

(இப்போது கொஞ்சம் தேவலை. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்கள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டி அவர்கள் கைக்குப் போனதை ஆன்லைனில் பதிந்துவிட்டால், பொறுப்பு அவர்களுடையது. பணத்தை எண்ணுவதற்கு முன்னால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். டீலர் இல்லாமல் நேராக விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள். "அவர் மாத்திக்குவார்" என்று தூங்கப் போகாதீர்கள்.)

நஷ்டஈட்டுக்காக வாத்தியார் வீட்டில் நகை அடகுக்குப் போனது. கடையிலிருந்து நான் விலகினபோது, என் பங்கில் முப்பதாயிரம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டார். உள்ளே போய் ஒரு ரசீது எழுதிக்கொண்டுவந்து நீட்டினார்.

தேதி, தொகை, என் பேரு, எதற்காக என்ற விவரம்... ஓர் இடம்கூடக் காலி விடவில்லை.