பழைய பொயிலரை மாற்றத்தான் வேண்டுமா?

யாழ்ப்பாணத்து அன்னையார் ஒருவர் எமக்கொரு கடிதம் வரைந்திருக்கிறார். லண்டனிலே வாழும் அவருடைய மகனது வீட்டுப் பொயிலர் 2008ஆம் ஆண்டிலே பூட்டியதாம். பார்க்க வந்தவர், "இனி இதை நம்பியிருக்கலாகாது, புதியது பூட்டினால் எரிவாயுச் செலவில் மூன்றிலொன்று மிச்சம்" என்று கூறி, 3,000 பவுண் கேட்டாராம். அப்பணமோ ஊர்வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்கென மகன் சேர்த்து வைத்தது. ஓட்டை விடுவதா, பொயிலரை விடுவதா என்பது அன்னையாரின் கேள்வி. பிள்ளைகள் குளிர்நாடுகளிலே குடியேறிய குடும்பங்களுக்கெல்லாம் என்றோ ஒருநாள் வரக்கூடிய கேள்வியாதலின் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எரிவாயுவை எரித்து, நீரைச் சூடாக்கி, அறைதோறுமுள்ள ரேடியேற்றர்களுக்குக் குழாய் வழியே அனுப்புகின்ற யந்திரமே பொயிலர். நுவரெலியாக் குளிரைக் கணப்படுப்பினாற் சமாளிப்போருக்கு இது புதுமையாகத் தோன்றலாம். முற்காலத்துப் பொயிலர்களிலே வெப்பத்தின் ஒரு பகுதி புகையோடு வெளியே போய்விடும். பிற்காலத்தவையோ, புகையிலுள்ள நீராவியை ஒடுக்கி நீராக்கி, அவ்வெப்பத்தையும் பிடித்துக்கொள்வன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து புதிதாகப் பூட்டும் எரிவாயுப் பொயிலர் இவ்வகையினதாகவே இருத்தல் வேண்டுமெனச் சட்டம் வந்தது. மிகச் சில வீடுகளுக்கே விலக்கு. ஆகவே மகன் வீட்டிலிருப்பதும் பெரும்பாலும் அவ்வகையினதே. மூன்றிலொன்று மிச்சமென்பது எங்கிருந்து வரும்?

கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 11,500 அலகு எரிவாயு செல்கிறதென்றும், அலகொன்றின் விலை 6 பென்ஸ் என்றும் கொள்வோம். பழையது நூற்றுக்கு 85 பங்கு வெப்பமும் புதியது 90 பங்கும் தருமாயின், மிச்சமாவது ஏறக்குறைய 640 அலகு. அதாவது 38 பவுண். இதற்காக 3,000 பவுண் கொடுப்பது எவ்வாறு தகும்? நூற்றுக்கு 70 பங்கே தருகின்ற மிகப் பழைய பொயிலரானாலும், ஆண்டுக்கு 150 பவுணளவே மிச்சம். போட்ட முதல் மீள இருபது ஆண்டு செல்லும். அதற்குள் புதியதும் கிழமாகிவிடும்!

செலவின்றியே மிச்சம் பிடிக்க ஒரு வழியுண்டு. ரேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழிருந்தாலன்றி நீராவி செவ்வனே ஒடுங்காது. பல வீடுகளிலே வெளிச்செல்லும் நீரை 75, 80 பாகையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வெந்நீர்த் தாங்கியில்லாத வகையாயின் ரேடியேற்றருக்குச் செல்லும் நீரை 60 பாகையளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம். தாங்கியிருந்தால் கிருமி வளரக்கூடுமாதலின், அறிந்தவரைக் கேளாமற் குறைத்தலாகாது.

பொயிலர்மேற் சுமத்தப்படும் குற்றங்கள் யாவும் அதனுடையவையுமல்ல. ரேடியேற்றரின் மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சிறு திறப்பினால் அதை வெளியேற்றலாம். கீழ்ப்பகுதி குளிர்ந்திருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது. குழாய்களைக் கழுவியாக வேண்டும். சேற்றைக் கழுவாமற் புதிய பொயிலரைப் பூட்டுவது அழுக்குக் குடத்திலே புதுநீர் வார்ப்பதற்கொப்பாகும். கடும் உறைபனியிலே பொயிலர் களகளவென்று ஒலித்து நின்றுபோனால், ஒடுங்கிய நீரை வெளியேற்றும் குழாய் உறைந்திருத்தலுங் கூடும். அதன்மேல் இளஞ்சூட்டு நீரை ஊற்றினால் (கொதிநீர் கூடாது) பெரும்பாலும் சரிவந்துவிடும்.

எனினும், கணக்குப் பார்க்கலாகாத இடமொன்றுண்டு. எரிதல் சீர்கெட்டால் காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமுமில்லை, மணமுமில்லை, ஆளைக் கொல்லும். சுவாலை நீலம் மாறி மஞ்சளாதலும், பொயிலரைச் சுற்றிக் கரி படிதலும் அபாயக் குறிகள். 'காஸ் சேவ்' பதிவேட்டிலுள்ள தொழினுட்பர் பரிசோதித்து, ஆபத்தானதென்று நிறுத்தச் சொன்னால் நிறுத்தியே ஆகவேண்டும். இப்பதிவேடு பிரித்தானியாவிலே 2009ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ளது. வருபவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உதிரிப்பாகம் கிடையாதாயினும், திருத்தச் செலவு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் ஏறினாலும் மாற்றுவதே முறை.

ஆகவே அம்மா, மகன் முதலிலே வேறொரு பதிவுபெற்ற தொழினுட்பரை அழைத்துக் காட்டட்டும். குறையில்லையென்று அவர் சொல்வாராயின் இவ்வாண்டு ஓட்டு வேலையை நடத்திவிடலாம். பின்னர் மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கி, மே மாதமளவிலே ஆறுதலாக விலை விசாரிக்கட்டும். தை மாதக் குளிரிலே பொயிலர் நின்றபின் விசாரிப்பவருக்குப் பேரம் பேச வாயிராது. மின்சாரத்தினால் இயங்கும் வெப்பப் பம்பிக்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022இலே தொடங்கிய அரசாங்க உதவி, 2023 ஒக்டோபரில் 7,500 பவுணாக உயர்ந்தது. அதையும் அப்பொழுதே விசாரித்துக்கொள்ளலாம்.

காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியை மட்டும் மே மாதம்வரை பிற்போட வேண்டாம். விலை சொற்பமே, இவ்வாரமே வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கையிலே தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றி, வெளியே போனதும் தணிகின்றனவா என்றும் மகனிடம் கேளுங்கள். ஆமென்றால் பொயிலரை உடனே நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு வெளியேறி, எரிவாயு அவசர சேவைக்கு அறிவித்து, வைத்தியரையும் நாடட்டும்.