துறை சேர்க்கும் வித்தை

தீவுப் பகுதியிலே பிறந்தவர்கள் எல்லாரும் படகோட்டத் தெரிந்தவர்கள் என்று பட்டினத்தார் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றனர். நயினாதீவிற் பிறந்த நான் நாற்பத்தைந்து வயது வரையில் பிரயாணியாகவே படகில் ஏறிப் பிரயாணியாகவே இறங்கி வந்தவன். பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்தால் அங்கே படகு நிற்கும்; ஏறி அமர்ந்தால் அம்மன் கோபுரம் சிறிது நேரத்திற் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் அப்படகினைப் பற்றி அறிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

சென்ற மார்கழியில் ஓரிரவு என் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. உடனே அக்கரைக்குக் கொண்டு செல்ல வேண்டும். என் பெரியம்மாவின் மகனுடைய படகு துறையிலே கட்டியிருந்தது, எண்ணெயும் இருந்தது. ஆனால் அதனை ஓட்டும் முதியவர் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். வாடைக் காற்றில் வீடு வீடாகச் சென்று வேறொருவரை எழுப்பி அழைத்து வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தாயார் பிழைத்துக்கொண்டார். எனினும் அந்த ஒரு மணி நேரமும் படகின் அருகிலே, கைகட்டி நின்ற பட்டதாரியின் நிலையை நான் மறக்கவில்லை. அடுத்து வந்த விடுமுறையில் அம்முதியவரிடமே சென்று, “அண்ணை, எனக்கு ஓட்டப் பழக்கிவிடுங்கோ” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “ஓடுறதை ஒரு நாளிலை பழகலாம் வாத்தியார். கட்டுறதுக்குத்தான் காலம் வேணும்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் மெய். நடுக்கடலிற் சுக்கானைப் பிடிப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. பிழை விட்டாலும் திருத்துவதற்கு இடமுண்டு. கரையை நெருங்கும்போதுதான் படகு தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்குகிறது.

முதலாவது சங்கதி, படகு காரைப் போலத் திரும்புவதில்லை. காரின் முன்சில்லுகள் திரும்ப, உடல் அவற்றைத் தொடர்ந்து செல்லும். படகிலோ சுக்கான் பின்னால் இருக்கிறது. அதனை வலப்பக்கம் திருப்பினால் அணியம் வலப்பக்கம் செல்வதைக் காட்டிலும், பின்புறம் இடப்பக்கம் வீசுவதே அதிகம். முன்னோக்கிச் செல்லும் படகு, அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தூரத்திலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது. ஆகவே அணியம் துறையின் மூலையைத் தப்பிவிட்டது என்று மகிழ்ந்திருக்கும் வேளையிற் பின்புறம் சென்று அதே மூலையில் மோதும். எனக்கு முதல் நாளே அது நேர்ந்தது. முதியவர் ஒன்றும் சொல்லாமல் எங்கேயோ ஒரு நீர்க்காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சங்கதி, சுக்கான் தானாக ஒன்றையும் செய்யாது. அதன்மேல் நீர் பாய வேண்டும். இயந்திரம் முன்னோக்கிச் சுழலும்போது விசிறி தள்ளும் நீர் சுக்கானின் மேற் பாய்வதால், படகு ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தாலும், ஒரு கணம் இயந்திரத்தை முடுக்கிவிட்டு நிறுத்தினாற் பின்புறத்தை வேண்டிய பக்கம் தள்ளிவிடலாம். பின்னோக்கிச் சுழலவிட்டாலோ விசிறியின் நீர் முன்பக்கமாகப் போய்விடுகிறது. அப்பொழுது சுக்கானைத் திருப்புவது, மாணவன் இல்லாத வகுப்பிற் பாடம் நடத்துவதைப் போன்றது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. எங்கள் படகிலிருப்பது ஒற்றை இயந்திரம், ஒற்றை விசிறி. பின்னால் நின்று பார்த்தால், முன்னோக்கிச் செல்லும்போது அவ்விசிறி கடிகார முள் சுற்றும் திசையிற் சுழலும். பின்னோக்கி விட்டால் எதிர்த்திசையிற் சுழலும். அப்பொழுது படகு நேராகப் பின்வாங்குவதில்லை. பின்புறம் இடப்பக்கமாக நகர்ந்து செல்கிறது. விசிறி முறுக்கிக்கொண்டு முன்னே எறியும் நீர், படகின் வலப்பக்கப் பின்பகுதியில் மோதி அதை இடப்பக்கம் தள்ளுவது இதற்கு ஒரு காரணம். விசிறித் தண்டு சரிவாகப் பொருத்தப்பட்டிருப்பதால் ஒரு பக்கத்து இதழ்கள் மற்றப் பக்கத்தனவற்றிலும் பார்க்க அதிகமாக நீரைப் பற்றுவது இன்னொரு காரணம். மறுதிசையிற் சுழலும் விசிறியாயின் இவையெல்லாம் மாறி நடக்கும். இயந்திரத்தையே திருப்பி ஓட்டும் இக்காலத்துக் கண்ணாடியிழைப் படகுகளுக்கு இக்கணக்கு அவ்வாறே பொருந்தாது என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

முதியவருக்கு இந்தக் காரணங்கள் தெரியா. அவை அவருக்குத் தேவையுமில்லை. “றிவேசிலை இவள் இடக்கைப் பக்கம் சாய்வாள்” என்பார். அவ்வளவுதான். அதனால் அவர் எப்பொழுதும் இடப்பக்கம் துறைக்கு வரும்படியே படகைக் கொண்டுவருவார். துறைக்குச் சற்றுச் சரிவாக, மிக மெதுவாக நெருங்குவார். அண்மித்ததும் சுக்கானைச் சிறிது வலப்பக்கம் திருப்ப, படகு துறைக்குச் சமாந்தரமாகும். பின்பு ஒரு கணம் பின்னோட்டம். படகு நிற்பதும், பின்புறம் தானாகவே துறையோடு ஒட்டுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். பகையாயிருக்க வேண்டிய குணத்தை அவர் வேலைக்காரனாக்கி வைத்திருந்தார்.

எனக்குப் பயிற்சி துறையில் தொடங்கவில்லை. வெறும் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கயிற்றிற் கட்டிக் கல்லுடன் நீரில் இட்டு, அதன் அருகே சென்று நிற்கும்படி பணித்தார். காற்றுக்கு எதிராக ஒரு முறை, காற்றோடு ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. காற்றுக்கு எதிராகச் சென்றால் அக்காற்றே படகை நிறுத்தித் தரும். காற்றோடு சென்றால் நிற்கவே நிற்காது என்பதை ஒரு வாரம் கலனை இடித்து இடித்துக் கற்றேன். காற்றும் நீரோட்டமும் வெவ்வேறு திசையிலிருந்தால் எது வலியதோ அதற்கு எதிராகச் செல்ல வேண்டும். துறைக்குப் போகுமுன் சற்றுத் தூரத்திலே இயந்திரத்தை ஓய்வில் விட்டுப் படகு எப்பக்கம் நகர்கிறதென்று பார்ப்பது அவர் வழக்கம். “கடல் சொல்லுறதைக் கேட்டுப்போட்டு உள்ளை போங்கோ” என்பார்.

மூன்றாம் வாரத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆசிரியத் தொழிலிலே மாணவர்களிடம் நான் மிகவும் அஞ்சுவது அரைகுறைத் தெளிவைத்தான். அது எனக்கே வந்திருந்ததை அறிந்திலேன். அன்று என் மூத்த மகனும் படகில் இருந்தான், வயது பன்னிரண்டு. அணியத்திலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோளகம் துறையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. துறையின் வழக்கமான பக்கத்தில் வேறொரு படகு நின்றமையால், எங்கள் வலப்பக்கம் துறைக்கு வரும்படி செல்ல நேர்ந்தது. “வேண்டாம், சுற்றி வருவம்” என்றார் முதியவர். நான், “பார்ப்பம் அண்ணை” என்றேன்.

வேகம் சற்று அதிகம் என்று தெரிந்ததும் பின்னோட்டத்தைப் பலமாகக் கொடுத்தேன். பின்புறம் தன் வழக்கப்படி இடப்பக்கம், அதாவது துறையை விட்டு விலகிச் சென்றது. அணியம் துறையை நோக்கி ஓடியது. சுக்கானைத் திருப்பினேன், பயனில்லை. அப்பொழுது என் மகன், தகப்பனுக்கு உதவி செய்யும் எண்ணத்தோடு, படகைத் தள்ளி நிறுத்தத் தன் வலக்காலை வெளியே நீட்டினான்.

“காலை எடு தம்பி!”

அவ்வளவு பெரிய குரல் அம்முதியவரிடம் இருந்ததென்று எனக்குத் தெரியாது. பையன் பயந்து பின்னால் விழுந்தான். அணியத்தின் பக்கப் பலகை கொங்கிறீற்றிலே மோதிப் பிளந்தது. கால் இருந்த இடம் அதுவேதான்.

அன்றிரவு நித்திரை வராமல் ஒரு கணக்குச் செய்தேன். ஆட்களுடன் அப்படகு 5 தொன் என்று கொள்வோம். 2 கடல்மைல் வேகம் என்பது மணிக்கு 3.7 கிலோமீற்றர், மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைவு. அவ்வேகத்தில் வரும் அப்படகை 10 சென்ரிமீற்றர் தூரத்துள் நிறுத்த வேண்டுமானால், 2½ தொன் நிறைக்கு மேற்பட்ட விசை வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை பாதியாவதில்லை, காற்பங்காகிறது. அப்பொழுதும் 700 கிலோகிராம் நிறைக்குச் சற்றுத்தான் குறைவு. இந்த வர்க்க விதியைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பையனுடைய காலோ என் மணிக்கட்டின் பருமன்தான் இருக்கும்.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. மகன் சொல்லிவிட்டான். அதன்பின் வீட்டில் நடந்தவை இப்பத்திக்கு உரியனவல்ல.

மறுநாள் நான் துறைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் முதியவரே வீட்டுப் படலையில் வந்து நின்றார். “பலகை மாத்தியாச்சு. வாருங்கோ” என்றார். அன்று முழுவதும் வலப்பக்கமாகத் துறை சேர்வதையே பழக்கினார். அதற்கு நெருங்கும் சரிவு குறைவாக இருக்க வேண்டும். வேகமோ இன்னும் குறைவாக இருக்க வேண்டும். பின்னோட்டம் கொடுக்கு முன்னரே சுக்கானை இடப்பக்கம் திருப்பி இயந்திரத்தை ஒரு கணம் முன்னோக்கி முடுக்கினாற் பின்புறம் துறையை நோக்கி வீசத் தொடங்கும். பின்பு கொடுக்கும் பின்னோட்டம் அவ்வீச்சை அடக்கிப் படகை நேராக நிறுத்தும். ஒன்று கெடுப்பதை மற்றொன்று சமன் செய்கிறது. பதினோராவது முறை சரியாக வந்தது. பன்னிரண்டாவது முறை பிழைத்தது. ஆனால் அம்முறை நான் பின்வாங்கி வெளியே சென்று, ஒரு வட்டம் சுற்றித் திரும்பி வந்தேன். அன்றைய பயிற்சியில் அவர் தலையசைத்தது அதற்கு மாத்திரமே.

காற்றுத் துறையோடு அழுத்தி வைத்திருக்கும் படகை வெளியே எடுக்கும் உபாயத்தையும் பின்னர் காட்டினார். அணியத்திலிருந்து ஒரு கயிற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய்த் துறையின் கட்டையிலே சுற்றி, சுக்கானைத் துறைப் பக்கம் திருப்பி, மெல்ல முன்னோக்கி விட்டால், முன்னே போக முடியாத படகு பின்புறத்தை வெளியே வீசும். பின்பு கயிற்றைத் தளர்த்திப் பின்வாங்கிச் செல்ல வேண்டியதுதான். ஒரு பழைய தயரை அணியத்துக்கும் துறைக்கும் இடையே தொங்கவிட மறக்கக்கூடாது.

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தாயாரைப் படகில் ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்குச் சென்றேன். மகனும் வந்தான். துறையை நெருங்கும்போது அவனைத் திரும்பிப் பார்த்தேன். அணியத்திற் கயிற்றோடு அமர்ந்திருந்தான். இரண்டு கால்களையும் படகுக்குள்ளே மடக்கிச் சப்பாணி கட்டியிருந்தான். முதியவர் வேறு எங்கோ பார்ப்பவர்போல நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டிருந்தார். படகு துறையைத் தொட்டது தாயாருக்குத் தெரியவில்லை. “இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?” என்று கேட்டார்.