உங்கட நாக்கு எங்கே?

லஃப்ரோயிக் குடித்துவிட்டு “ஹெதர் பூ வாசம்” என்று எழுதும் ஸ்காபரோ நண்பர்களே, ஹெதர் பூவை எங்கே மணந்தீர்கள்? ஐலா தீவில் முளைவிட்ட பார்லியைப் பீட் புகையில் உலர்த்துவார்கள். எனக்கு அந்தப் புகை அம்மம்மாவின் சாம்பிராணி, சிராய்த்த முழங்காலில் தடவிய டெட்டோல். அதை எழுத ஏன் வெட்கம்?

கடும் நிறத்தைப் பார்த்து வயது சொல்லவும் வேண்டாம். ஸ்கொட்ச் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். ஆனால் நிறத்துக்குக் கரமல் சேர்க்கவும் சட்டம் விடுகிறது. போத்தலில் 12 என்றிருந்தால், அது அதிலுள்ள ஆக இளைய விஸ்கியின் வயது.

இரவல் சொல்லில் ருசி எழுதுபவர் சுவைக்கவில்லை, ஒப்பிக்கிறார். உங்கள் நாக்கு அறிந்ததைத் தமிழில் எழுதுங்கள். நாலாவது கிளாஸுக்குப் பிறகு மட்டும் வேண்டாம். அது ருசி இல்லை, வெறி.