சாப்பாட்டு மேஜையில் யாருக்கு இடம்?

பட்டணத்து அடுக்கு மாடி வீடுகளில் கரடுமுரடான மர மேஜைக்கு ஒரு மோகம் பிறந்திருக்கிறது. முடிச்சும் வெடிப்பும் தெரிய வேண்டும், பாட்டன் வீட்டுக் கதவைப் போல இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பத்தடி அறைக்குள் அதைக் கொண்டுவந்து போட்ட பிறகு நடப்பது என்ன? சுற்றி நடக்க வழியில்லாமல் மேஜை சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சமைத்த அம்மாள் மட்டும் அடுக்களையில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். இதற்காகவா இத்தனை பணம்?

மேஜை வாங்குமுன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பரிமாறுகிறவரையும் சேர்த்து எண்ணுங்கள். வருஷத்தில் இரண்டு நாள் வரும் விருந்தாளியை விட்டுவிடுங்கள். ஒருவர் இடிபடாமல் சாப்பிட 2 அடி போதும். 4 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இருந்தால் நால்வர் உட்காரலாம். நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்க இன்னும் இரண்டரை அடியாவது வேண்டும். கடைக்குப் போகுமுன் பழைய செய்தித்தாளை அந்த அளவுக்குத் தரையில் விரித்து, சுற்றி நடந்து பாருங்கள்.

ஒரு பக்கத்துக்கு பெஞ்சு வாங்கினால் சாப்பிட்டதும் மேஜைக்கடியில் தள்ளிவிடலாம். முழங்கால் வலிக்காரருக்குச் சாய்மான நாற்காலியே நல்லது. மேஜை 30 அங்குல உயரம், இருக்கை 18 அங்குல உயரம் என்றால் சௌகரியமாக இருக்கும்.

இனி மரம். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த தேக்கு காரைக்குடிக் கடைகளில் கிடைக்கிறது. பல வருஷம் உலர்ந்த மரமாகையால் எளிதில் கோணாது. பழைய ஆணி இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள். மாமரம் மலிவு, பக்குவப்படுத்தாததை வாங்கினால் வண்டு துளைக்கும். மாவு போலத் தூள் உதிர்ந்தால் தொடவே வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். அதை இழைத்துச் சரிசெய்யவும் முடியாது.

வெடிப்புள்ள பலகை பார்க்க அழகு. ஆனால் ரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிடுகிற வீட்டுக்கு அது உதவாது. இடுக்கில் எச்சில் தங்கும், எறும்பு குடியேறும். வாங்கும்போதே அடைத்துத் தரச் சொல்லுங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை அவசியம். அரக்கு பாலிஷ் சூட்டிலும் ஈரத்திலும் வெளுத்துப்போகும். மஞ்சள் கறை பட்டால் பயப்படாதீர்கள். நாலு நாள் வெயில் பட்டால் மங்கிவிடும். வார்னிஷ் பூசாத மரமானால், வருஷத்துக்கு ஒரு முறை உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். சமையல் எண்ணெய் பிசுக்கேறும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள்.

நல்ல மரம் கீறலைத் தாங்கும். இழைத்தால் மறுபடி புதிதாகிவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதமும் குழம்பும் மேஜை நடுவில் இருக்கட்டும். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். சமைத்த அம்மாளை முதலில் உட்கார வையுங்கள்.